இடது இறக்கும், வலது ஏற்றும்

வாகனக் காப்பீட்டு சர்வேயராகக் கடந்த 22 ஆண்டுகளில் நான் கழற்றிப் பார்த்த ஸ்டீயரிங் வீல்களின் எண்ணிக்கை, நான் ஓட்டிப் பார்த்த சொகுசுக் கார்களின் எண்ணிக்கையைவிட நிச்சயம் அதிகம். வீடு தண்டையார்பேட்டையில், வேலை பெரும்பாலும் மாதவரம், புழல், மணலிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில். வடசென்னையில் கோடி ரூபாய்க் கார்கள் ஏது என்று அடையாற்றுக்குத் தெற்கே இருக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. சௌகார்பேட்டை வியாபாரிகளின் வீடுகளில் எத்தனை நிற்கின்றன என்பது, அந்தச் சந்துகளில் அவற்றைக் கண்ணாடியை மடக்கி ரிவர்ஸ் எடுக்கும் டிரைவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கார்களின் ஒரே ஓர் உறுப்பைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கொண்ட வேகக் கார்களில் கியரை நாமே மாற்ற விரும்பினால், அதற்கான விசை ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். வீலுக்குப் பின்புறம் காதுகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தகடுகளாக அது இருக்கலாம்; வீலின் குறுக்குக் கையில் கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தானாகவும் இருக்கலாம். முன்னதைப் பேடில் என்கிறார்கள். துடுப்பு என்றே எழுத ஆசைதான். ஆனால் காசிமேட்டுக்கு இத்தனை அருகில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால் படிப்பவர் மனம் நேராகக் கட்டுமரத்துக்குப் போய்விடும். இன்று மாருதி பிரெஸ்ஸா, எர்டிகா ஆட்டோமேட்டிக் கார்களில்கூடப் பேடில் வருகிறது. ஆகவே இது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. பேடிலா, பொத்தானா என்பதைக் கார்ப் பிரியர்கள் ரசனையைச் சேர்ந்த வாதமாகப் பேசுகிறார்கள். கண்ணைக் கேட்காமல் கை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதே அதற்குள் இருக்கும் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் நடத்தியது கால். அப்பா திருவொற்றியூரில் புல்லட் தயாரான தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் வண்டி ஓட்டப் பழகியதும் அவருடைய பழைய புல்லட்டில்தான். அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலைத் தேடிப் பிடிப்பதற்கென்று குதிகாலுக்குத் தனியாக ஒரு சிறு நெம்புகோல் உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு வேறொரு வண்டி வாங்கினேன்; அதில் எல்லாம் இடம் மாறி, கியர் இடது காலுக்கும் பிரேக் வலது காலுக்கும் வந்திருந்தன. மூன்று மாதம் ஒரு தவறும் இல்லை. நான்காம் மாதம் ஒரு காலையில் எல்லையம்மன் கோயில் அருகே எனக்கு முன்னால் போன மீன்பாடி வண்டி திடீரென்று நின்றது. என் இடது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அங்கே இருந்ததோ கியர். ஐஸ் கட்டிகளும் சங்கரா மீனும் தார் ரோட்டில் சிதறின. வண்டிக்காரர் திட்டக்கூட இல்லை. "இன்னா தம்பி, பிரேக்கு எந்தக் கால்லன்னு தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தெரியும், அண்ணே. மூன்று மாதமாகத் தெரிந்துதான் இருந்தது. பதற்றம் வந்தபோது கால் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

கியர் விசையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டு வந்த முதல் முயற்சிகளில் ஒன்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஃபோர்டு நிறுவனம் எட்செல் என்ற பெயரில் கொண்டு வந்த 1958 மாடல் கார்களில், ஆட்டோமேட்டிக் கியருக்கான பொத்தான்களை ஸ்டீயரிங் வீலின் நட்டநடுவில் வைத்தது. அந்த இடம் காலங்காலமாக ஹார்னுக்கு உரியது. ஹார்ன் அடிக்கப் போன கைகள் கியரை அழுத்தின. அடுத்த ஆண்டே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். தங்கசாலைத் தெருவில் மாலை ஆறு மணிக்கு அந்தக் காரை ஓட்டுவதை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை கியர் மாறியிருக்கும்!

பந்தயக் காரிலும் பொத்தான்தான் முதலில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1979இல் ஃபெராரியின் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி, ஸ்டீயரிங்கில் இரண்டு பொத்தான்களை வைத்து, அவற்றால் இயங்கும் ஒரு கியர் பாக்ஸைச் செய்தார். ஃபியோரானோவில் இருக்கும் ஃபெராரியின் சொந்தத் தடத்தில் அதன் பந்தய ஓட்டுநர் ஜில் வில்நெவ் அதை ஓட்டிப் பார்த்தார். அவருக்குப் பழைய கியர்த் தண்டே போதுமானதாக இருந்தது. திட்டம் மூலைக்குப் போயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து அதே ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் 640 என்ற காரை வடிவமைத்தபோது பேடில் பிறந்தது. ஓட்டுநரின் பக்கவாட்டில் கியர்த் தண்டுக்கும் அதைப் பின்னால் இணைக்கும் கம்பிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்றால் காரின் உடலை இன்னும் ஒடுக்கமாகக் கட்டலாம் என்பது அவருடைய கணக்கு. கையின் வசதி அந்தக் கணக்கில் கூடவே கிடைத்த லாபம்.

1989 மார்ச் 26, ரியோ டி ஜெனிரோவில் ஃபார்முலா ஒன் பந்தயம். பயிற்சி ஓட்டங்களில் ஓயாமல் மக்கர் செய்த கார் அது. பாதியிலேயே நின்றுவிடும் என்று எண்ணி, முன்னதாகக் கிளம்பும் விமானத்தில் இடம் பிடித்து வைத்திருந்ததாக அதை ஓட்டிய நைஜல் மான்செல் பின்னாளில் சொன்னார். பந்தயத்தின் நடுவே ஸ்டீயரிங் வீலின் திருகுகள் தளர்ந்துவிட, அவர் தடத்தோரப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து வீலையே மாற்றிக்கொண்டு போனார், போய் ஜெயித்தும்விட்டார். பேடில் கியர் பெற்ற முதல் வெற்றி அது. அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு ஃபார்முலா ஒன்றில் கியர்த் தண்டு சில ஆண்டுகளிலேயே மறைந்துபோயிற்று. சாலைக் கார்களுக்கு இதைக் கொண்டு வந்ததும் ஃபெராரிதான்: 1997இல் வந்த எஃப்355 எஃப்1. வலது பேடிலை இழுத்தால் கியர் ஏறும். இடது பேடிலை இழுத்தால் இறங்கும். இரண்டையும் ஒருசேர இழுத்தால் நியூட்ரல். இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

ஜெர்மானியர்கள் இந்த எளிமைக்கு உடனே பணிந்துவிடவில்லை. 1990களின் நடுவில் போர்ஷே தன் டிப்ட்ரானிக் எஸ் கார்களில் வீலின் இரு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரு சாய்வுப் பொத்தான் வைத்தது. மேலே கூட்டல், கீழே கழித்தல். 2008இல் இரட்டை கிளட்ச் கொண்ட பிடிகே கியர் பாக்ஸைத் தன் 911 காரில் அறிமுகப்படுத்தியபோதும் அது பேடிலுக்கு மாறவில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரியான விசை: முன்புறமிருந்து கட்டைவிரலால் தள்ளினால் கியர் ஏறும், பின்புறமிருந்து விரலால் இழுத்தால் இறங்கும். அதே காலத்து பிஎம்டபிள்யூ ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றிலும் இதே போன்ற விசை இருந்தது, ஆனால் தலைகீழாக: தள்ளினால் இறங்கும், இழுத்தால் ஏறும். ஒரே நாட்டின் இரண்டு நிறுவனங்கள், ஒரே அசைவுக்கு நேர் எதிரான இரண்டு பொருள்! ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் உட்காரும்போது என்ன ஆகும் என்று மீன்பாடி வண்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்.

போர்ஷேயின் பொத்தானைக் கார் வாங்கியவர்களும் கார்களைப் பற்றி எழுதுபவர்களும் பொறுக்கவில்லை. 2009இல் வந்த 911 டர்போவிலிருந்து, கூடுதல் பணம் கட்டினால் பேடில் வைத்த வீல் தருகிறோம் என்று அந்த நிறுவனம் இறங்கி வந்தது. இன்றைய 911 கார்களில் பேடில்தான் இருக்கிறது.

இதோடு பொத்தான் தோற்றது, பேடில் வென்றது என்று முடித்துவிடலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருமலையிலிருந்து இறங்கிய ஒரு காலைதான் அந்த எண்ணத்தைக் குழப்பியது.

சௌகார்பேட்டையில் எனக்கு அறிமுகமான ஒரு குடும்பம் திருப்பதிக்குப் போகும்போது அவர்கள் காரில் நானும் போயிருந்தேன். டிரைவர் அண்ணனுக்கு முன்தினம் தூக்கம் இல்லை. இறங்கும்போது நான் ஓட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கனமான, பெரிய எஞ்சின் கொண்ட கார். மலை இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் அது சூடாகி மணக்கும் என்பது லாரிக்காரர்களுக்கும் தெரியும். கியரை இறக்கி எஞ்சினாலேயே காரைப் பிடித்து நிறுத்துவதுதான் முறை. பேடில் உண்மையாகவே பயன்படும் இடம் பந்தயத் தடத்தைவிட இந்த மலைப்பாதைதான் என்பேன். நேர்ச்சாலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இடது பேடிலைத் தட்டினால் எஞ்சினின் ஓர் உறுமலோடு கார் பின்னால் இழுக்கப்பட்டது போல அடங்கும். பிறகு இடப்பக்கம் வளையும் ஒரு கொண்டை ஊசி வந்தது. வீலை அரைச்சுற்றுக்கு மேல் திருப்பிவிட்டு, வளைவின் நடுவில் இன்னொரு கியர் இறக்க வேண்டும் என்று தோன்றியது. இடது கைவிரலை நீட்டி இழுத்தேன். கார் அடங்குவதற்குப் பதிலாக இலகுவாகி முன்னால் நழுவியது. கியர் ஏறியிருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காரில் பேடில்கள் வீலோடு சேர்ந்து சுற்றுபவை. வீல் அரைச்சுற்று திரும்பியபோது இடது பேடில் வலப்பக்கம் போய்விட்டது. 9 மணி, 3 மணி நிலையில் பிடித்த கைகளை எடுக்காமல் வீலோடு சேர்த்துத் திருப்பியிருந்தால், கைகள் பின்னிக்கொண்டாலும் இடது பேடில் இடது கைக்குள்ளேயே இருந்திருக்கும். நான் அப்படித் திருப்பவில்லை. நம்மில் யார் அப்படித் திருப்புகிறோம்? ஒரு கையால் இழுத்து, மறு கையால் வாங்கி, மாற்றி மாற்றித்தான் திருப்புவோம். கை மாறிப் பிடித்த இடத்தில், என் இடது விரல்களுக்கு அடியில் இருந்தது வலது பேடில்.

போர்ஷேயின் பழைய பிடிகே பொத்தானாக இருந்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதில் இடம், வலம் என்ற பேச்சே இல்லை. வீல் எப்படித் திரும்பியிருந்தாலும், எந்தக் கை எதைப் பிடித்திருந்தாலும், இழுத்தால் இறங்கும். ஒரு கை வேறு வேலையில் இருந்தாலும் மறு கையாலேயே ஏற்றவும் இறக்கவும் முடியும். காகிதத்தில் பார்த்தால் பேடிலைவிடத் தெளிவான ஏற்பாடு அது. அதை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர்.

ஆனாலும் அது ஏன் கைக்குப் பிடிக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இடம் வலம் என்பது நம் உடம்பிலேயே இருக்கிறது. தள்ளுவது இழுப்பது என்பதை யாராவது சொல்லித்தான் நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பதறும் கை இறுகும். வீலின் மீது இறுகும் கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றை நோக்கி ஒன்று அழுந்தும். தள்ளுவதும் இழுப்பதும் எதிரெதிர் ஆணைகளாக அதே பிடிக்குள் இருந்தால், இறுகிய கை எதைச் சொல்லிற்று என்று காருக்கு எப்படித் தெரியும்? பேடில் வீலின் பின்னால், பிடியிலிருந்து சற்று விலகி நிற்கிறது. விரலை வேண்டுமென்றே நீட்டினால்தான் அது அசையும்.

இந்த இடத்தில் ஆட்டோ டிரைவர் ஒருவர் சிரிப்பார். நம் பஜாஜ் ஆட்டோவில் கியர் இடது கைப்பிடியில். கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிடியையே முறுக்க வேண்டும். ஹேண்டில் பார் திரும்பும்போது கியரும் கூடவே திரும்புகிறது. ஆனால் அந்தக் கைப்பிடியை விட்டுக் கை ஒருபோதும் விலகாது. விலகினால் வண்டி கவிழும். சுற்றும் விசை வேண்டுமானால் கை அதை விட்டு நீங்கக் கூடாது. கை நீங்குமானால் விசை சுற்றக் கூடாது. ஆட்டோ முதல் நிபந்தனையைப் பிசகாமல் நிறைவேற்றுகிறது.

இரண்டாவது நிபந்தனையைப் பிடித்துக்கொண்டவை ஃபெராரி, லம்போர்கினி, ஆல்ஃபா ரோமியோ போன்ற இத்தாலியக் கார்கள். அவற்றில் பேடில் ஸ்டீயரிங் தண்டோடு நிலையாக நிற்கும். வீல் மட்டும் சுற்றும். எவ்வளவு திருப்பினாலும் இடது இடதுதான். கை எங்கே போனாலும் எட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பேடில்கள் நீளமாக, மேலும் கீழும் நீண்ட தகடுகளாக இருக்கின்றன. பார்ப்பதற்கு முறம் போல இருக்கிறதே என்று முதலில் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். பிரிட்டனின் மெக்லாரன் மூன்றாவது வழியில் போனது: இரு பேடில்களும் தனித்தனி இல்லை, வீலின் பின்னால் குறுக்காக ஓடும் ஒரே தகட்டின் இரு முனைகள். வலது முனையை இழுத்தாலும், இடது முனையை முன்னால் தள்ளினாலும் கியர் ஏறும். 2011இல் விற்பனைக்கு வந்த எம்பி4-12சி காரில் பாதி அழுத்தினால் கியர் பாக்ஸ் தயாராகி நிற்கும், முழுதும் அழுத்தினால் மாறும் என்ற ஏற்பாடும் இருந்தது. கெட்டிக்காரத்தனம்தான், கைக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம். கை மாற்றித் திருப்பும் ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் என் வாக்கு இத்தாலியர்களுக்கே.

சர்வேயர் என்ற முறையில் என் வாக்குக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீலோடு சுற்றும் பேடிலின் சமிக்ஞை, சுற்றாத தண்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்காக வீலுக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒரு வட்டமான பெட்டி இருக்கிறது. அதற்குள் ரிப்பன் போன்ற தட்டையான ஒயர் சுருண்டிருக்கும். வீலைத் திருப்பும்போது அது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். ஏர்பேக், ஹார்ன், பேடில் எல்லாவற்றின் உயிரும் அந்த ரிப்பனில் ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, டாஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய ஒரு காரின் வீலை என் முன்னால் கழற்றினார்கள். பெட்டியைத் திறந்தபோது உள்ளே ரிப்பன், மழையில் நனைந்து காய்ந்த அப்பளக் கட்டைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மடிப்புகளில் பச்சை பூத்திருந்தது. பேடிலைத் தட்டினால் 'டிக்' என்ற ஓசை மட்டும் கச்சிதமாக வந்தது. காருக்கு அது கேட்கவில்லை.

அந்த 'டிக்' ஓசையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. பேடிலுக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்ன மின்விசை. அதற்கு ஓசையோ எதிர்ப்போ தேவையில்லை. விரலுக்கு வேண்டும் என்பதற்காகவே ஒரு ஸ்பிரிங்கையும் ஒரு தடுப்பையும் வைத்து அந்த 'டிக்'கை உண்டாக்குகிறார்கள். 2019க்குப் பிறகு ஃபெராரி தன் வீலில் இருந்த பொத்தான்கள் பலவற்றைத் தொட்டால் போதும் என்ற பரப்புகளாக மாற்றியது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 2025இல் வந்த அமால்ஃபி காரில் அழுத்தும் பொத்தான்கள் திரும்பிவிட்டன. ஐரோப்பாவின் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப்பும், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் இயக்கும் தனி விசை இருந்தால்தான் 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. இவ்வளவு சோதனைக்கு நடுவிலும் ஃபெராரி பேடிலில் மட்டும் கை வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

2024இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடத்தில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடியபோது போயிருந்தேன். சிறு வயதில் அப்பா சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனதுண்டு. அங்கே ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் ஒரு கணம் மூச்சு விட்டு மீண்டும் எழும். இங்கே அந்த மூச்சே இல்லை. சிவானந்தா சாலை வளைவுக்கு முன் பேடிலைத் தட்டி இறக்குவது, யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தியது போல, நான்கு வெடிகளாகக் கேட்டது. கூட வந்திருந்த டிரைவர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "நம்ம வண்டியிலயும் இதான் இருக்குதா சார்?" என்று கேட்டார். திருமலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் அவர். அந்தப் பிழையைப் பார்த்துவிட்டு, நான் இதைத் தொடவே மாட்டேன் என்று அன்று சொன்னவர்.

சென்ற மாதம் அந்தக் காரின் பின்பம்பர் உடைந்ததற்குச் சர்வே செய்யப் போனேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தபோது, வீலின் பின்னால் இடது விரலில் ஏதோ சொரசொரத்தது. குனிந்து பார்த்தேன். இடது பேடிலில் மட்டும் திருப்பதிச் சிவப்புக் கயிறு நாலைந்து சுற்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. வியர்வையில் அது கறுத்துப் போயிருந்தது. அதன் பிறகு மூன்று முறை மலைக்குப் போய் வந்துவிட்டதாக டிரைவர் அண்ணன் சொன்னார். வளைவில் வீல் எப்படித் திரும்பியிருந்தாலும் விரலில் கயிறு பட்டால் இழுப்பாராம், படாவிட்டால் மறு பக்கம் தேடுவாராம்.

"ஓனர் கேட்டா சாமி கயிறுன்னு சொல்லிட்டேன் சார். சர்வீசுக்கு விடறப்ப மட்டும் அவுத்துருவேன்."